ஜகாட்: வராத ஆசிரியர்

ஆசிரியரை நாயகனாக வைத்து எடுத்த படங்களில் அவர் பள்ளிக்குள் நுழையும் கட்டத்தை மட்டும் வெட்டியெடுத்து வரிசையாகப் போட்டுப் பார்க்கலாம். 'தாரே ஜமீன் பர்' (2007) படத்தில் ராம் சங்கர் நிகும்ப் கோமாளி வேடத்தில் ஆடிக்கொண்டே வகுப்புக்குள் வருகிறார். படத்தில் பாதி அதற்குள் முடிந்திருக்கும். 'நம்மவர்' (1994) செல்வம், தறிகெட்டுக் கிடக்கும் ஒரு கல்லூரிக்குள் வருகிறார். 'சாட்டை' (2012) தயாளன், யாருமே திருத்த நினைக்காத அரசுப் பள்ளிக்கு வருகிறார். 'ராட்சசி' (2019), 'வாத்தி' (2023) எல்லாம் இதே வாசல், இதே நுழைவு. அவர் வரும்வரை அந்த வகுப்பில் ஒரு பையனுக்கும் ஒரு திறமையும் கிடையாது. வந்த பிறகு ஒருத்தன் ஓவியன், ஒருத்தன் பாடகன், ஒருத்தி பேச்சாளர். திறமைகளுக்கெல்லாம் அன்றுதான் பிறந்தநாள்.

சஞ்ஜெய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015 டிசம்பரில் நம் திரையரங்குகளுக்கு வந்தது. இதை எல்லாரும் குண்டர் கும்பல் படம் என்றே சொல்கிறார்கள். தோட்டத் துண்டாடல் பற்றிய படம் என்பவர்களும் உண்டு. இரண்டும் சரிதான். ஆனால் அண்மையில் மறுபடி பார்த்தபோது எனக்கு இது ஓர் ஆசிரியர் படமாகத்தான் தெரிந்தது. ஒரே வித்தியாசம், அந்த ஆசிரியர் இதில் வரவே இல்லை. வாசல் திறந்தே கிடக்கிறது. படம் முடியும்வரை கோமாளி வேடத்தில் யாரும் வரவில்லை. அந்த இடைவெளியில் வேறு ஆட்கள் வருகிறார்கள்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 1990களின் தொடக்கம். தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறி, லயத்து வீடுகள் காலியாகி, மக்கள் பட்டண ஓரங்களில் பலகை வீடு போட்டுக் குடியேறிய காலம். அப்போய் 12 வயதுப் பையன், படு சுட்டி. ஹர்விந்த் ராஜ் நடித்திருக்கிறான் என்று சொல்ல மனம் வரவில்லை, அந்தப் பையன் அங்கே வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறான். அப்பா மணியத்துக்கு ஒரே ஆசை, மகன் படித்து மேலே வரவேண்டும். அந்த ஆசை கையோங்கி அடிக்கும் ஆசை. அப்பாவைத் தவிர இரண்டு சித்தப்பாமார். ஒருவர் போதையிலிருந்து மீண்டவர், இன்னொருவர் குண்டர் கும்பல்காரர். அப்போயிடம் கற்பனை இருக்கிறது, கேள்வி இருக்கிறது, குறும்பு இருக்கிறது. பள்ளியில் இது மூன்றுக்கும் ஒரே பெயர்தான். அந்தப் பெயரைத்தான் படத்துக்கு வைத்திருக்கிறார்கள். மலாய் 'ஜஹாட்' நம் வாயில் 'ஜகாட்' ஆனது. 'பையன் ரொம்ப ஜகாட்' என்று ஏதோ ஓர் அத்தை நம் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு முறையாவது சொல்லியிருப்பார். மாணவர் முன்னேற்ற அறிக்கையின் குறிப்புக் கட்டத்தில் எழுத வேண்டிய சொல்லை ஒரு படத்தின் தலைப்பாக வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அப்போயின் திறமை ஒளிந்து கிடக்கவில்லை. நான் சொல்ல வருவது இதைத்தான். நிகும்ப்பும் தயாளனும் தோண்டி எடுக்கிறார்கள். அப்போய் விஷயத்தில் தோண்ட ஒன்றுமே இல்லை. எல்லாம் மேலே, வெளிச்சத்தில், சத்தமாகவே இருக்கிறது. அப்பாவும் பார்க்கிறார், பள்ளியும் பார்க்கிறது. பார்த்துவிட்டு அதற்கு ஜகாட் என்று பெயர் வைக்கிறார்கள். 'ஒரு நல்ல ஆசிரியர் கண்டுபிடித்திருந்தால்' என்று இந்தப் படத்தைப் பற்றிச் சிலர் பெருமூச்சு விடுவதை நான் கேட்டிருக்கிறேன். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? பெயரைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

இங்கே கொஞ்சம் விலகிப்போய் 'தன்கதை' பற்றிப் பேச வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இது விளக்க வேண்டிய சமாச்சாரமில்லை. நான் ஒரு பேனா. நான் ஒரு மிதிவண்டி. நான் ஒரு காலணி. தொழிற்சாலையில் பிறந்தேன், லாரியில் ஏற்றினார்கள், கடையில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தார்கள், ஒரு பையன் தன் அப்பாவோடு வந்து என்னை வாங்கினான், நன்றாக உழைத்தேன், பழசானேன், இப்போது குப்பைத்தொட்டியில் கிடக்கிறேன். எங்கள் வகுப்பில் முப்பத்தைந்து பேரும் எழுதிய முப்பத்தைந்து பேனாவும் கடைசியில் அதே குப்பைத்தொட்டியில்தான் விழுந்தன. டியூசனில் கொடுத்த மாதிரிக் கட்டுரையில் அப்படித்தான் முடியும். யூபிஎஸ்ஆர் சோதனைக்கு முன்னால் 'கண்ணாடிப் பேழை', 'கண்ணும் கருத்துமாக' போன்ற அழகான சொற்றொடர்களை ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி மனப்பாடம் செய்தோம். எத்தனை சொற்றொடர் வந்திருக்கிறதோ அத்தனை புள்ளி.

யோசித்துப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. ஆறு வருடம் தமிழில் படிக்கும் பிள்ளையிடம் 'நான்' என்று தொடங்கிக் கதை எழுதச் சொல்கிற ஒரே இடம் அதுதான். அந்த 'நான்' ஒரு பேனா. அதற்குச் சொந்த விருப்பம் கிடையாது. யாரோ வாங்குகிறார்கள், யாரோ எறிகிறார்கள். பேனா ஓடிப்போனதாகவோ, எழுத மாட்டேன் என்று அடம்பிடித்ததாகவோ, பரீட்சை நடுவில் வேண்டுமென்றே மை தீர்ந்ததாகவோ ஒருத்தரும் எழுதவில்லை. எழுதினால் தவறு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மாதிரியில் அது இல்லை. அப்போய் மாதிரிப் பையன் எழுதியிருப்பான். அவனுக்கு எத்தனை புள்ளி கிடைத்திருக்கும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

யூபிஎஸ்ஆர் 1988ல் வந்தது, 2021ல் எடுத்துவிட்டார்கள். 12 வயதில் ஒரு பிள்ளையைத் தரம் பிரிக்கும் சோதனை. மலாய்மொழியில் தேவையான தேர்ச்சி இல்லாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் முதலாம் படிவத்துக்கு முன்னால் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார வேண்டும். கூடப் படித்தவர்கள் முன்னால் போய்விடுவார்கள், நீங்கள் அதே பள்ளி வளாகத்தில் ஒரு வருடம் பின்னால். 'ஜகாட்' படத்தில் அப்போய்க்கு 12 வயது என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த நாட்டில் அந்த வயதில்தான் ஒரு தமிழ்ப் பையனுடைய தொகுப்பு எண்ணைப் பின்னால் அச்சடித்து அனுப்புகிறார்கள். தொழிற்சாலையில் வேலை செய்பவனுக்கு இந்த உவமைதான் வருகிறது, மன்னிக்கவும்.

'தாரே ஜமீன் பர்' படத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் ஆசிரியர் படம் என்றால் முதலில் வருவது அதுதான். ஆசிரியர் தினத்துக்கு அதைப் பற்றி எழுதாத ஆள் இல்லை. எட்டு வயது இஷான் அவஸ்தி, எழுத்துகள் அவன் கண்ணுக்கு ஆடுகின்றன. வாசிப்புக் குறைபாடு. யாருக்கும் தெரியவில்லை. சோம்பேறி என்று விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். தற்காலிக ஓவிய ஆசிரியராக வரும் நிகும்ப் கண்டுபிடிக்கிறார். இந்தப் படத்தில் எனக்கு மறக்காத காட்சி ஒன்று உண்டு. நிகும்ப் இஷானின் வீட்டுக்கே போகிறார். அப்பாவிடம் வேற்று மொழி எழுத்து அச்சடித்த ஒரு பொம்மைப் பெட்டியைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். எப்படிப் படிப்பது என்று அப்பா திகைக்கிறார். முயற்சி செய்யுங்கள் என்று வற்புறுத்துகிறார், முடியவில்லை என்றதும் திமிர் என்று அதட்டுகிறார். மகன் இத்தனை வருடம் அனுபவித்ததை அப்பாவுக்கு அரை நிமிடத்தில் அனுபவிக்கக் கொடுத்துவிடுகிறார். ஒரு ஆசிரியர் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல காட்சி இந்த வகைப் படங்களில் நான் பார்த்ததில்லை. கவனியுங்கள், அந்தப் பெட்டியை நீட்டும் கட்டத்தில் திறமை பற்றிப் பேச்சே இல்லை. பையனின் சிரமத்தைப் பற்றி மட்டும்தான்.

ஆனால் படம் அங்கே நிற்கவில்லை. பிறகு வகுப்பில் ஐன்ஸ்டீன், டாவின்சி, எடிசன், அகதா கிறிஸ்டி என்று ஒரு பட்டியல் வருகிறது. எல்லாருக்கும் சின்ன வயதில் எழுத்து தகராறு செய்ததாம். கடைசியில் பள்ளி முழுக்கக் கலந்துகொள்ளும் ஓவியப் போட்டி. நிஜ ஓவியர் லலிதா லாஜ்மி நடுவராக வருகிறார். இஷான் ஜெயிக்கிறான். அவன் வரைந்த படமும், ஆசிரியர் வரைந்த அவன் முகமும் பள்ளி ஆண்டு மலரின் இரண்டு அட்டைகளிலும் வருகின்றன. அரங்கமே அழுகிறது. நானும் அழுதேன், அதில் ஒன்றும் குறையில்லை. ஆனால் கண்ணைத் துடைத்த பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இஷானுக்கு வரையத் தெரியாமல் போயிருந்தால்? அதே வகுப்பில் எழுத்தும் ஆடி, தூரிகையும் கைக்கு வராத ஒரு பையன் இருந்திருந்தால்? அவனுக்கு ஆண்டு மலரில் எந்தப் பக்கம்?

இந்தப் படங்களில் கலைத்திறமை ஒரு ஜாமீன் தொகை. கடைசி வரிசைப் பையன் விடுதலை ஆக வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றில் மேதையாக இருந்தே ஆக வேண்டும். கணக்கில் தோற்றவன் ஓவியத்தில் முதலிடம் வரவேண்டும். தோற்றால் பரவாயில்லை என்று சொல்ல வந்த படம், வேறு போட்டியில் ஜெயிக்க வைத்துத்தான் அதைச் சொல்கிறது. தமிழில் நிலைமை இன்னும் மோசம். 'சாட்டை'யில் ஓர் அமைப்பின் தோல்வி முழுவதையும் தம்பி ராமையா நடித்த உதவித் தலைமையாசிரியர் என்ற ஒரே ஆளின் தலையில் கட்டிவிட்டு, தேர்ச்சியும் கைதட்டலுமாக முடித்துவிடுகிறார்கள். அதில் நல்ல வாத்தியாராக வந்த சமுத்திரக்கனியே பத்து வருடம் கழித்து 'வாத்தி'யில் கல்வி வியாபாரியாக வில்லன் வேடம் போட்டார். ஒரே முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாட்டிக்கொள்ளலாம், கதை மாறாது.

இதற்கு நேர் எதிரான ஒரு புத்தகம் நம்மில் பலர் படித்ததுதான். தெத்சுகோ குரோயாநாகி 1981ல் எழுதிய 'டோட்டோ-சான்', தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாக வந்தது. மேசை மூடியைத் திறந்து திறந்து மூடியதற்கும், ஜன்னலில் நின்று தெருப் பாடகர்களைக் கூப்பிட்டதற்கும் முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட சிறுமி. நம் ஊர்க் கணக்கில் படு ஜகாட். பழைய ரயில் பெட்டிகளில் நடக்கும் டோமோயே பள்ளிக்கு அம்மா அழைத்துப் போகிறார். தலைமையாசிரியர் சோசாகு கோபயாஷி, அம்மாவை அனுப்பிவிட்டு, உனக்கு என்னவெல்லாம் சொல்ல வேண்டுமோ சொல் என்று உட்கார்ந்துவிடுகிறார். அவள் பேசுகிறாள். சொல்ல ஒன்றுமே மிச்சமில்லாமல் போகும்வரை பேசுகிறாள். நான்கு மணி நேரம். அந்த மனிதர் கொட்டாவி விடவில்லை.

அவர் அவளிடம் எந்தத் திறமையையும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் முக்கியம். அவள் பிற்பாடு ஜப்பானின் பெரிய தொலைக்காட்சி முகமானது வேறு கதை. பள்ளியில் அவளுக்கு எந்தப் போட்டியும் இல்லை. வளர்ச்சி நின்றுபோன உடல் கொண்ட தக்காஹாஷி என்ற பையன் விளையாட்டுப் போட்டிகளில் முதலில் வரும்படியாக விளையாட்டுகளையே அவர் அமைத்தார், பரிசாகக் காய்கறி கொடுத்தார். பையன் மேதை என்று நிரூபிக்க அவசியம் வரவில்லை. போட்டியின் விதியைத்தான் மாற்றினார்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி வகுப்பில் முப்பத்தைந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நான்கு மணி நேரம் என்றால் 140 மணி நேரம். அரை மணி நேரப் பாடவேளையாகப் பார்த்தால் 280 பாடவேளை. நாளைக்கு ஐந்து மணி நேரம் பள்ளி என்றால் 28 நாள். ஒரு மாதத்துக்கும் மேல் ஆசிரியர் வேறு எதுவுமே செய்யாமல் பிள்ளைகள் பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பாடத்திட்டம், இணையத்தில் பதிவேற்ற வேண்டிய மதிப்பீடு, அதிகாரி வருகை, போட்டிக்கு ஆள் தயார் செய்வது எல்லாவற்றையும் மூட்டை கட்டிவைக்க வேண்டும். கோபயாஷியின் பள்ளி மொத்தத்துக்குமே ஐம்பது பிள்ளைகள் அளவில்தான். ஆக, ஆசிரியர் ஒருவருடைய அன்பையோ ஆவேசத்தையோ மட்டும் நம்பி நடக்கிற காரியமில்லை இது. நேரம் என்கிற பொருள் கையிருப்பில் இருக்க வேண்டும்.

'ஜகாட்' இந்த இடத்தில்தான் மற்ற எல்லாப் படங்களையும் தாண்டிப் போகிறது. அப்போயைச் சுற்றி யாருக்கு நேரம் இருக்கிறது என்று பாருங்கள். அப்பாவுக்கு இல்லை. தோட்டம் போனபின் பட்டண ஓரத்தில் பிழைப்பைப் பிடித்து நிறுத்துவதே அவருக்கு நாள் முழுக்க வேலை. பள்ளிக்கு இல்லை. நேரம் இருப்பது சித்தப்பாமாருக்கு. போதையிலிருந்து மீண்டவருக்கு உலகத்திடம் இனி ஒன்றும் அவசரமில்லை. கும்பலில் இருப்பவருக்கு மதியம் முழுக்கச் சும்மா உட்காரும் வேலை. பையன் பேசுவதைக் கேட்க, பையனின் குறும்பைப் பார்த்துச் சிரிக்க அங்கேதான் ஆள் இருக்கிறது. எந்தத் துணிச்சலுக்குப் பள்ளியில் அடி விழுந்ததோ, அதே துணிச்சலுக்குக் கும்பலில் மரியாதை. இது வில்லத்தனமாகக் காட்டப்படவில்லை என்பதுதான் படத்தின் பலம். சித்தப்பா பையனைக் கெடுக்கவேண்டும் என்று திட்டமிடவில்லை. அவர் அவனை ரசிக்கிறார், அவ்வளவுதான். ஒரு பிள்ளை தன்னை ரசிக்கிறவர் பக்கம்தான் போகும்.

இதைச் சினிமா என்று ஒதுக்க எனக்கு முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. என் பள்ளியில் வகுப்புகளுக்கு வள்ளுவர், கம்பர், பாரதி என்று பெயர். சோதனைப் புள்ளி வரிசையில்தான் பிரிப்பார்கள், கடைசி வகுப்புக்குப் பாரதி. (பாரதியே அந்த வகுப்பைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.) அங்கே ஒரு நண்பன் இருந்தான். பாடப்புத்தக ஓரமெல்லாம் வரைந்திருப்பான். ஐந்தாம் ஆண்டில் ஒரு டீச்சர் அவனைத் தினமும் கரும்பலகையில் தேதி எழுத விட்டார். அவன் வெறும் தேதி எழுத மாட்டான், எண்ணைச் சுற்றி ஒரு பறவை, ஒரு மோட்டார், மழை பெய்தால் ஒரு குடை. பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவோம். ஆறாம் ஆண்டில் ஓவியப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கரும்பலகையில் தேதியை ஆசிரியரே எழுதினார். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அவன் படத்துக்கு முதல் முறையாகக் காசு கொடுத்தவர்கள் யார் தெரியுமா? பையிலும் தொப்பியிலும் 04, 08, 36 என்று எண் எழுதித் தரச் சொன்ன அண்ணன்மார். உள்துறை அமைச்சு 2013ல் தடைசெய்யப்பட்ட கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது அந்த எண்களெல்லாம் நாளிதழில் வந்தன. எனக்கு அவை அவன் கையெழுத்தில்தான் ஞாபகம் வந்தன. அந்த நிழல் கொடுத்த எழுத்து, அந்த நெருப்பு, அவ்வளவு அழகாக இருக்கும்.

திறமையைக் கண்டுபிடிக்க இந்த ஊரில் ஆள் இல்லாமல் இல்லை. கண்டுபிடிக்கிறவர்கள் எப்போதும் தயாராக இருக்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1980களிலிருந்து பரதமும் இசையும் சொல்லித் தருகிறது. அங்கே வாரம் தவறாமல் காரில் கொண்டுவந்து விட ஒரு பெற்றோர் இருக்கும் பிள்ளைக்கு அது திறந்த வாசல். மணியம் போன்ற அப்பாவின் மகனுக்கு வேறு வாசல் அருகில் இருக்கிறது, நடந்தே போய்விடலாம்.

நிஜத்தில் அப்படிப்பட்ட ஆசிரியர் நம் நாட்டில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். பகாங்கில் ரூன்சாங் பள்ளியில் ஓராங் அஸ்லி பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்த சாமுவேல் ஐசாயாவை எல்லாருக்கும் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று சுற்றியிருந்தவர்கள் முடிவுகட்டியிருந்த இடத்தில், உக்குலேலே வாசித்துப் பாடச் சொல்லி அவர்களுக்கு ஆங்கிலத்தைக் கொண்டுபோனவர். 2020ல் உலக ஆசிரியர் விருதின் கடைசிப் பத்துப் பேரில் ஒருவராக வந்தார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. ஆனாலும் நமக்கு அவர் பெயர் தெரியவந்தது எப்படி? ஒரு போட்டிப் பட்டியலின் வழியாக. பிள்ளைகளை அளக்கிற அதே பழக்கத்தில்தான் ஆசிரியரையும் அளக்கிறோம். என் நண்பனைத் தேதி எழுத விட்ட டீச்சர் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார். அவர் செய்தது ஒரு நாளைக்கு இரண்டு நிமிட வேலை.

'ஜகாட்' படத்துக்கே இது நடந்தது என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது. 2016ல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் இதையும் 'ஓலா போலா'வையும் தேசிய மொழி அல்லாத படங்கள் என்று தனிப் பிரிவில் வைத்தார்கள். உள்ளூர்ப் பணம், உள்ளூர்க் கதை, உள்ளூர்ப் பேச்சு. ஆனாலும் வேறு வகுப்பு. கலைஞர்களிடமிருந்தே எதிர்ப்பு கிளம்பியது. அஃப்டிலின் ஷௌகி போன்றவர்கள் தாங்கள் முன்பு வாங்கிய விருதுகளைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார்கள். பிறகு மொழிப் பாகுபாடு இல்லாமல் சிறந்த மலேசியப் படம் என்ற பிரிவு வந்தது, 'ஜகாட்' அதை வென்றது. புகுமுக வகுப்பில் உட்காரவைத்த பையனைக் கூப்பிட்டு முதல் பரிசு கொடுத்த மாதிரி. நான் மகிழ்ந்தேன். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் அதற்குப் பிறகுதான் படத்தைப் பார்த்தார்கள். 

படத்தில் எனக்குக் குறைகளும் உண்டு. பெண்களுக்கு அதில் இடம் ரொம்பக் குறைவு. அப்போயைச் சுற்றி ஆண்களே பேசி, ஆண்களே அடித்து, ஆண்களே அணைக்கிறார்கள். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பங்களைத் தாங்கிப் பிடித்தது பெரும்பாலும் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிய அம்மாமார் என்பது கிள்ளானில் வளர்ந்த எவருக்கும் தெரியும். அந்த அம்மாமாரின் பக்கம் படம் திரும்பிப் பார்ப்பதேயில்லை.

இன்னொரு குறை, பள்ளி. அப்பாவின் முரட்டுத்தனத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது என்று காட்டும் படம், கும்பல்காரச் சித்தப்பாவுக்கும் ஒரு மனம் இருக்கிறது என்று காட்டும் படம், பள்ளிக்கு மட்டும் அந்தச் சலுகையைத் தரவில்லை. ஆசிரியரை அப்போயின் உயரத்திலிருந்து மட்டுமே பார்க்கிறோம், ரோத்தான் தெரிகிறது, முகம் சரியாகத் தெரியவில்லை. 1990களின் தொடக்கத்தில் தோட்டம் காலியாகிக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் நிலைமை என்ன? பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது, கட்டடம் யார் நிலத்தில் நிற்கிறது என்றே உறுதியில்லை, தேர்ச்சி விகிதத்தை வைத்துத்தான் பள்ளியைக் காப்பாற்ற முடியும் என்று எல்லாரும் நெருக்குகிறார்கள். அந்தப் பயத்தில் இருக்கும் ஒரு மனிதர் அப்போய் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, மனத்துக்குள் சிரித்துவிட்டு, பிறகு சிவப்புப் பேனாவால் அடித்திருக்கலாம். எனக்கு அந்த மனிதரைப் பார்க்க வேண்டும். நல்லவராக அல்ல, நாயகனாக அல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து முப்பத்தைந்து குப்பைத்தொட்டிகளுக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருப்பவராக. சஞ்ஜெய் குமார் எடுத்தால் முதல் நாளே டிக்கெட் வாங்குவேன்.